இடது மூலையில் நின்ற கிழவர்

போன மாதம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது கல்லூரியில் என் இடத்துக்கு வந்தவள். கலை வரலாற்றுத் துறையை அடுத்த ஆண்டு மூடுகிறார்கள். கடைசியாக ஒரு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றாள். மூடுகிற கடைக்குத் தோரணம் எதற்கு என்று சொல்லிப் போனை வைக்கப் பார்த்தேன்.

"இன்னொரு நல்ல சேதி மேடம்" என்றாள். "மில் பங்களா ஓவியத்தைப் பத்தி நீங்க எழுதின அறிக்கையை வெச்சு ஒரு பொண்ணு கட்டுரை எழுதிட்டு இருக்காங்க. இடது மூலையில ஒரு கிழவர் தடியூனி நிப்பாருல்லீங்களா? அது மில் முதலாளியோட அப்பாவாத்தான் இருக்கணும்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

அந்தக் கிழவரை அங்கே நிறுத்தியது நான். ஓவியர் நிறுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இது எனக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டுமே தொல்லையாக இருந்தது. இனி அச்சில் ஏறி, பாடமாகி, யார் யாரோ மனப்பாடம் செய்யப்போகிறார்கள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பாடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பழைய கிரேக்க, ரோமானிய எழுத்துக்களைக் கொண்டு கலை வரலாற்றை அறிவது எப்படி என்பது அதன் பொருள். கிரேக்க நாட்டின் பேர்பெற்ற ஓவியர்கள் தீட்டிய படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. சிலைகளிலும் பெரும்பாலானவை உருக்கப்பட்டோ உடைக்கப்பட்டோ போய்விட்டன. மிஞ்சியிருப்பது அவற்றைப் பற்றி அந்தக் காலத்தவர் எழுதி வைத்த சொற்கள். ஊர் ஊராகப் போய்க் கோயில்களை நேரில் பார்த்து எழுதியவர் உண்டு. வீட்டை விட்டு நகராமல், மற்றவர் எழுதியதைப் படித்துப் பட்டியல் போட்டவரும் உண்டு. யார் பார்த்தார், யார் கேட்டார் என்று பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை. தொண்டாமுத்தூரில் என் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, "இல்லாத சிலையைப் பத்திப் படிச்சு, இருக்கறவங்களுக்குச் சொல்லித் தாரயா கண்ணு?" என்றார். தோப்பில் யானை புகுந்து பத்துத் தென்னையைச் சாய்த்திருந்த நேரம் அது. அவருக்கு என் வேலை ரொம்பவும் சுகமான வேலையாகத் தெரிந்திருக்கும்.

படித்ததெல்லாம் சென்னையில். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலை கற்றுக்கொண்டது கோவையில், துறைத் தலைவராக இருந்த அருளப்பன் சாரிடம் திட்டு வாங்கித்தான். திட்டு என்றால் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கருமத்தம்பட்டிக்காரர். இளம் வயதில் பாதிரியாராகப் படிக்கப் போய், லத்தீனும் கிரேக்கமும் கற்று, குருப்பட்டம் பெறும் முன்பே திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரொம்ப மரியாதையாக வேறு எதையாவது பேசியிருப்பார். "ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போறீங்களா?" என்று அவர் அழைத்தால், எழுதிக் கொடுத்ததை மனசுக்குள் இன்னொரு முறை வாசித்துக்கொண்டேதான் போவேன்.

அவருடைய முறை ஒன்று உண்டு. பாடக்குறிப்போ, அறிக்கையோ, எதை எழுதினாலும் தாளின் வலது ஓரத்தில் இரண்டு கட்டம் கிழிக்க வேண்டும். ஒன்றின் தலையில் கண், மற்றொன்றின் தலையில் காது. எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஏதாவதொரு கட்டத்தில் குறி போட வேண்டும். நீ பார்த்ததென்றால் கண். படித்தது, கேட்டது, பிறர் சொன்னது எல்லாம் காது. காதில் போடுவது இழுக்கு என்று நாங்கள் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. கேட்டதைக் கேட்டதாகச் சொன்னால் அதற்கும் மரியாதை உண்டு என்பார். இடம் மாற்றிப் போடுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிரேக்கத் தேவதைச் சிலையைப் பற்றிப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன். "அதன் புன்னகை மென்மையானது" என்று எழுதி, கண் கட்டத்தில் குறியும் போட்டிருந்தேன். அழைத்தார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தச் சிலை தீயில போயி ஆயிரத்தஞ்ஞூறு வருசம் ஆச்சுங்க. நீங்க எப்பப் போயிப் பார்த்துட்டு வந்தீங்க?"

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். நான் அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அதன்பின் பல ஆண்டுகள் கட்டம் மாற்றிப் போட்டதே இல்லை. இதே முறையை என் மாணவர்களிடம் இன்னும் கடுமையாகவே நடத்தினேன். ஒருவனுக்கு இதற்காகவே மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. அவனிடமும் ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இனி அந்த ஓவியத்துக்கு வருகிறேன். அவிநாசி சாலையை ஒட்டி ஒரு மில் முதலாளியின் பங்களா இருந்தது. மாடிப்படிக்கு எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு சித்திரம். பெண்கள் நூல் நூற்கிறார்கள், தறியில் நெய்கிறார்கள். முதலாளி வெளிநாடு போனபோது கிரேக்கப் புத்தகம் ஒன்றின் மேல் மோகம் கொண்டு வந்தார். ஏதோ ஒரு மாளிகைச் சுவரில் இருந்த படங்களைப் பற்றி ஒருவர் எழுதியது. அதில் நூல் நூற்கும் பெண்களின் படம் ஒன்று வருகிறது. மாளிகையும் இல்லை, படமும் இல்லை, விவரிப்பு மட்டும் இருக்கிறது. அதை எழுதியவரே அதைப் பார்த்தாரா, கற்பனை செய்தாரா என்று இன்றைக்கும் சண்டை. நூல் விற்றுப் பணக்காரரானவருக்கு அந்தப் படம் தன் வீட்டுச் சுவரில் வேண்டும் என்று ஆசை வந்ததில் வியப்பில்லை.

கிரேக்கம் தெரிந்தவர் என்று அப்போது இளைஞராக இருந்த அருளப்பன் சாரை அழைத்தார்கள். ஓவியர் கோட்டைமேட்டு இஸ்மாயில் பாய். கடைப் பலகைகள், சினிமா பேனர்கள் எழுதிக்கொண்டிருந்தவர். கிரேக்கப் படம் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. சார் ஒரு நோட்டில் தமிழாக்கி எழுதிக்கொண்டு போய்ச் சாரத்துக்குக் கீழே நின்று வரி வரியாக வாசிப்பார். பாய் மேலே நின்று வரைவார். கொஞ்ச நாளில் முதலாளிக்கும் சாருக்கும் ஏதோ மனத்தாங்கல். சார் நோட்டைப் பாயிடம் தந்துவிட்டு வந்துவிட்டார். வேலை முடிந்த பிறகு போய்ப் பார்க்கவேயில்லை. நோட்டு மட்டும் எப்படியோ அவரிடம் திரும்பி வந்து சேர்ந்தது.

நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதைப் பற்றி நீங்களே எழுதலாமே என்று. "நான் சொன்னேனுங்க, அவர் வரைஞ்சாரு. என்ன வரைஞ்சாருன்னு எனக்குத் தெரியாதுங்களே. எனக்கு அது முழுக்கக் காது" என்பார். ஓய்வு பெறும் நாளில் நோட்டை என்னிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

சில ஆண்டுகள் கழித்துப் பங்களா விலைபோனது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். இடிக்கும் முன் ஓவியத்தைப் பதிவு செய்து ஓர் அறிக்கை தர வேண்டும் என்று கல்லூரிக்குக் கேட்டு எழுதினார்கள். நான்தான் அப்போது துறைத் தலைவர். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை ஆண்டும் இல்லாத படங்களைப் பற்றியே பேசினோம், இன்றைக்கு இருக்கிற ஒன்றைப் பற்றி எழுதப்போகிறோம் என்று நினைத்தேன்.

முறைப்படிதான் செய்தேன். சுவரை நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்தேன். வலமிருந்து இடமாக ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் அரை மணி நேரம் எழுதாமல் பார்ப்பது, பிறகு எழுதுவது. இரண்டு நாள் ஆனது. தறியில் இருந்த பெண்ணின் கையில் நம் ஊர்க் கண்ணாடி வளையல் இருந்தது. பஞ்சுக் கூடை சூலூர்ச் சந்தைக் கூடை. பாய் கேட்டதைத் தமக்குத் தெரிந்ததாக மாற்றி வரைந்திருந்தார். நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டு போனேன். எல்லாம் கண்.

கடைசிக் கட்டம் இடது மூலை. பங்களா நடுவில் கொஞ்ச காலம் ஆபீசாக இருந்ததால், ஏ.சி. குழாயை மறைக்க அந்த மூலையில் மரப்பலகைப் பெட்டி அடித்திருந்தார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு. ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு பாதம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆசாரியை அழைத்துப் பலகையைக் கழற்றச் சொன்னேன்.

"நாளைக்கு ஊருல மாரியம்மன் நோம்பிங்க. மூணு நாளைக்கு உளி தொடமாட்டேனுங்க. நோம்பி முடிஞ்சு வாரேன்" என்றார்.

அறிக்கையை மறுநாள் தர வேண்டும். அவகாசம் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. பையில் சாரின் நோட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தேன். "இடது மூலையில் ஒரு கிழவர் தடியை ஊன்றி நின்று பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. மற்ற இடமெல்லாம் நோட்டும் சுவரும் ஏறக்குறைய ஒத்துப்போயிருந்தன. பாதம் ஒன்றையும் பார்த்தாயிற்று. இதில் மட்டும் என்ன மாறிவிடப்போகிறது என்று தோன்றியது. அந்த வரியை அப்படியே எழுதினேன். காது கட்டத்தில் ஒரே ஒரு குறி இருந்தால் இரண்டு நாள் உழைப்பு அரைகுறையாகத் தெரியும் என்று தோன்றியது. கண் கட்டத்தில் குறி போட்டேன். என் வாழ்நாளில் தெரிந்தே செய்த தவறு இது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நோம்பி முடிந்து ஆசாரி வரும் முன்பே இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. பதிவுக்காக வந்த புகைப்படக்காரர் பெட்டியை விட்டுவிட்டு மற்றதைத்தான் எடுத்திருந்தார். பழைய படம் எதுவும் தங்களிடம் இல்லை என்று முதலாளி குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள். அதன்பின் அந்த மூலைக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி என் ஒற்றை வரி.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒருவர் துறைக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் ஜமால், இஸ்மாயில் பாயின் மகன், உக்கடத்தில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, அந்தப் பங்களாப் படத்தைப் பத்தி இங்க எழுதி வெச்சிருக்குதுன்னாங்க. இடது பக்கத்துல மூலையில யாருங்க இருந்தது?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சொன்னார். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனார். நாற்பது நாள் கழிந்த கையோடு அத்தா இஸ்மாயில் பாய் மறுமணம் செய்துகொண்டார். வீட்டில் அம்மாவின் பெயரையே எடுக்கமாட்டாராம். மகனுக்கு அது ஆறாத கோபம். அத்தா சாகக் கிடந்தபோதுதான் வாயைத் திறந்திருக்கிறார்.

"உங்கம்மாவை நான் மறக்கலைடா, மில் பங்களாவுல இடது மூலையில அவளைத்தான் நிக்க வெச்சிருக்கேன், பச்சைச் சேலையில இருப்பா, போயிப் பாருன்னு சொன்னாருங்க. ரெண்டு தடவை போனேன். வாட்ச்மேன் உள்ள விடலீங்க. மூணாந்தடவை போனப்ப பங்களாவே இல்லை. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கெடையாதுங்க."

நான் அறிக்கைக் கோப்பை எடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் இளையவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண் எது, காது எது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். அவர்கள் முன்னால் தலைகுனிய எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு காலம் வாசித்து வாசித்து, அங்கே உண்மையிலேயே ஒரு கிழவர் நின்றார் என்று எனக்கும் பாதி நம்பிக்கை வந்திருந்தது. அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

"கிழவருங்களா? பொம்பளை இல்லீங்களா?"

"அப்படித்தாங்க எழுதியிருக்கு" என்றேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை.

"நீங்க நேர்ல பார்த்தீங்களாங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பச் சாகும்போதுகூடப் பொய்தான் சொல்லிட்டுப் போயிருக்காருங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் நிற்கும் வரை நான் கோப்பை மூடவில்லை.

அதன்பின் எட்டு ஆண்டுகள். இதற்கிடையில் ஓய்வு பெற்றேன், பாராட்டு விழா நடந்தது, நேர்மைக்கு இலக்கணம் என்று ஒருவர் பேசினார். நான் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உக்கடம் பக்கம் போக நேர்ந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போகும்படி ஆட்டோக்காரரிடம் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

கவிதா பேசிய மறுநாள் காலை, அறிக்கையின் படியை எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன். ஜமால் தையல் இயந்திரத்தில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பலகைப் பெட்டி, நோம்பி, நோட்டு, குறி. அவர் கையில் இருந்த ரெக்சின் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எட்டு வருசமுங்க டீச்சரம்மா" என்றார். "எட்டு வருசமா நான் அத்தாவை அடக்கின கபருக்குப் போகலீங்க. பெருநாளுக்குக்கூட. எல்லாரும் அவங்கவங்க அத்தாவுக்கு ஓதப் போவாங்க, நான் கடையில உக்காந்திருப்பேன். நீங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்களே."

"தப்புத்தாங்க" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் என்னால சொல்ல முடியாதுங்க."

"வேண்டாங்க."

இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு யோசித்தார். "சரிங்க, நீங்க உங்க கண்ணால பார்த்தது என்ன? அதைமட்டும் சொல்லுங்க."

"ஒரு பாதம். விரலும் கணுக்காலும் தெரிஞ்சுதுங்க."

"பொம்பளைக் காலுங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்தான். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கணுக்காலுக்கு மேல் ஒரு பச்சைக் கரை எனக்குத் தெரிகிறது. ஆனால் பச்சைச் சேலை என்று அவர் சொல்லிக் கேட்ட பிறகுதான் அது தெரிகிறதா, அன்றைக்கே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ பழைய எழுத்தாளர்களை இந்த இடத்தில்தான் நான் பிடித்திருக்கிறேன்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அறிக்கையை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஓரத்துக் கட்டங்கள் என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"அப்பக் கேட்டதை எழுதறதுக்கும் இதுல எடம் இருக்குதுங்க. அத்தா சொன்னதை அதுல எழுதுங்க. எங்கம்மா பேரு ஜைனப். பேரோட எழுதுங்க."

கிழவர் இருந்த வரியை அடித்தேன். கீழே இப்படி எழுதினேன்: "இடது மூலையில் ஒரு பாதம்: கண். நின்றிருந்தது ஜைனப், ஓவியரின் மனைவி, பச்சைச் சேலையில். ஓவியர் தம் மகனிடம் கூறியது: காது." தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். கல்லூரியின் இணையப் பக்கத்தில் இருக்கும் அறிக்கையிலும் திருத்தத்தை ஏற்றும்படி கவிதாவிடம் சொன்னேன். துறையே மூடுவதால் அந்தப் பக்கத்தைத் தொடும் அனுமதி இப்போது யாரிடமும் இல்லை என்று கவிதா வருந்தினாள். அங்கே கிழவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். கட்டுரை எழுதும் பெண்ணுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் ஜமால் போன் செய்தார்.

"டீச்சரம்மா, கபருஸ்தானுக்குப் போனேனுங்க. அத்தா கபரைக் காணோம். கல்லு ஒண்ணு நட்டு வெச்சிருந்தேன், அதையும் காணோம். எட்டு வருசத்துல அக்கம்பக்கமெல்லாம் புதுசா அடக்கியிருக்காங்க. அங்க இருக்கற பெரியவரைக் கேட்டேன். அவரு கையை நீட்டி, அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்தான் இஸ்மாயில் பாய்ன்னு சொன்னாரு. அங்க நின்னு ஓதிட்டு வந்தேனுங்க."

லைனில் பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"அதுவும் காதுதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.